நட்டாச்சு... தண்ணீர் ஊற்றுவது யார்?

"தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று சொல்லாத மருத்துவரே இன்று கிடையாது. அலோபதியோ, சித்தாவோ, யார் எழுதும் சீட்டாக இருந்தாலும் கடைசி வரி அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கணக்கே கொடுத்துவிட்டது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது, கொஞ்சம் மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு வேண்டும். நானும் விடாமல் சொல்கிறேன். ஆனால் விராலிமலையில் எனக்குத் திரும்பி வருகிற கேள்வி வேறு.

"நடக்கச் சொல்றீங்க டாக்டரய்யா... சரி. எங்க நடக்குறது?"

நியாயமான கேள்விதானே! திருச்சி - மதுரை நான்கு வழிச்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. விடியற்காலை இருட்டில் லாரி வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். தெருவுக்குள் நடந்தால் நாய்கள். மலைப்படி ஏறலாமென்றால் முழங்கால் ஒத்துழைக்காது. கடைசியில் மொட்டைமாடியில் எட்டுப் போடுகிறார்கள். பத்து நாள் போட்டுவிட்டு, சலித்துப்போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

என்னிடம் வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பதினைந்து வருட சர்க்கரை. ஒழுங்காக நடக்கிற மாதங்களில் அவருடைய அளவு அழகாகக் கட்டுக்குள் வரும். சாலையோரம் நடந்தவர், லாரிக்கு ஒதுங்கப் போய்ப் பள்ளத்தில் கால் வைத்துக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். பிசகு மூன்று வாரத்தில் சரியாயிற்று. கூடவே பட்ட சிராய்ப்பு ஆற மூன்று மாதம் ஆனது! சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் பட்ட காயம் என்றால் சும்மா இல்லை. விரலை எடுக்கிற வரைக்கும் கொண்டுபோய்விடும். அதற்கப்புறம் அவர் வாசலைத் தாண்டி நடப்பதில்லை. பயம். இதற்கு நான் எந்தச் சூரணத்தை எழுதிக் கொடுக்க?

இவருக்கு வேண்டியது மருந்தல்ல, இடம். மேடு பள்ளமில்லாத, வண்டி வராத, நாலு மரம் நிழல் தருகிற ஒரு இடம். அந்த இடம் பல ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை!

உங்கள் மனை வரைபடத்தை எடுங்கள்

நகர்ப்புறம் போலவே இப்போது கிராம ஊராட்சிகளிலும் மனைப்பிரிவுகள் வந்துவிட்டன. நீங்கள் வீடு கட்டியிருப்பது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் என்றால், பீரோவில் இருக்கும் வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். 'பூங்கா' என்று ஒரு கட்டம் போட்டிருக்கும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்ன சொல்கிறது தெரியுமா? 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால், இடத்துக்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க முடியாது; இடத்தையே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக்கொடுக்க வேண்டும். பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தைக் காப்பாற்ற 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்துவிட்டது.

ஆனால் நேரில் போய்ப் பாருங்கள். பூங்கா என்ற கட்டத்தில் பெரும்பாலும் சீமைக்கருவேலம் நிற்கும். கட்டட இடிபாடு கொட்டிக் கிடக்கும். அதற்குள் பாம்பு.

"காலியாத்தானே கிடக்கு, உபயோகமா ஏதாவது கட்டிக்கலாமே" என்று சிலர் கிளம்புவார்கள். பெங்களூரில் அப்படித்தான் ஒரு பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். ஆஸ்பத்திரி நல்ல காரியம்தானே? அக்கம்பக்கத்துக் குடியிருப்பவர்கள் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பூங்காவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி தருவது ஈடாகாது என்பது நீதிமன்றத்தின் நிலை. வைத்தியனான எனக்கு அந்தத் தீர்ப்பில் முழுச் சம்மதம்.

மரத்தைப் பார்ப்பதே மருந்தா?

சித்த மருத்துவம் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, எந்த நிலத்தில் எந்த நோய் வரும் என்று பேசும். நீரும் வயலும் சோலையும் சேர்ந்த மருத நிலத்தைத்தான் நோய் அண்டாத நிலம் என்று சொல்லி வைத்தார்கள். இதைச் சொன்னால் "பழங்கதை" என்று சிரிக்கிறவர்களுக்காக இரண்டு வெளிநாட்டுச் செய்தி.

ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்கு வெறும் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மாத்திரையும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-ல் வெளியான ஆய்வு இது.

இரண்டாவது, நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. பிலடெல்பியா நகரத்தில் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் புல்லும் மரமும் வைத்தார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். 2018-ல் முடிவு வந்தது. பசுமையாக்கிய மனைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களில், மனம் சோர்ந்து கிடப்பதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 41 சதவீதம் குறைந்திருந்தார்கள். குப்பை மட்டும் அள்ளிய இடத்தில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. அங்கே ஒரு மனைக்குச் செலவு சுமார் 1,600 டாலர். அப்புறம் வருஷா வருஷம் பராமரிப்புக்குச் சுமார் 180 டாலர். இந்த இரண்டாவது தொகையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை அங்கேதான் சிக்கிக்கொள்கிறது.

அரசுப் பணம் உண்டு... ஆனால்

"இதுக்கெல்லாம் கவர்மெண்டு காசு குடுக்குமா?" என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கிறது, பல தடவை.

2016-ல் 500 கிராம ஊராட்சிகளில் தலா 20 லட்சம் ரூபாயில் 'அம்மா பூங்கா', கூடவே தலா 10 லட்சத்தில் உடற்பயிற்சிக் கூடம் என்று அறிவித்தார்கள். 2022-23-ல் 'மரகதப் பூஞ்சோலை' வந்தது: 100 கிராமங்களில், ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர், மொத்தம் 25 கோடி ரூபாய். அதே 2022 செப்டம்பர் 24-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கினார்கள். மாநிலத்தின் பசுமைப் பரப்பைப் பத்தாண்டில் 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவது குறி. மத்திய அரசின் தேசிய மருத்துவத் தாவர வாரியம் 2000-ல் அமைக்கப்பட்டது. பள்ளிகளிலும் பொது நிறுவனங்களிலும் மூலிகைத் தோட்டம் வைக்க, மாநில வாரியங்கள் வழியாக அது உதவி செய்திருக்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி நிதி வேறு.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இவற்றில் கைக்கு எட்டுவது 'நமக்கு நாமே' வகைத் திட்டம் என்பது என் அபிப்பிராயம். 1997-ல் அந்தப் பெயரில் வந்தது. 2011-ல் 'தன்னிறைவுத் திட்டம்' ஆனது. 2021-ல் மறுபடி 'நமக்கு நாமே'. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆட்சி மாறினால் பலகை மாறும், உள்ளே சரக்கு ஒன்றுதான். மக்கள் ஒரு பங்கு போட்டால், மீதியை அரசு போடும். 2021-ல் வந்த விதிப்படி மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. 6 லட்ச ரூபாய் வேலை என்றால் 2 லட்சம் உங்களுடையது. ஆகவே ஆட்சியர் அலுவலகத்தில் ஊரக வளர்ச்சி முகமைக்குப் போகும்போது, "மக்கள் பங்களிப்போட செய்யுற திட்டம் இப்ப என்ன பேர்ல இருக்கு, எங்க பங்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். வேலை சுலபமாகும்.

இப்போது அந்த 'ஆனால்'. இந்தப் பணமெல்லாம் பெரும்பாலும் ஒரே தடவை வருகிற பணம். வேலி, நடைபாதை, பெஞ்சு, கன்று, திறப்பு விழா, கல்வெட்டு. அத்தோடு சரி. அம்மா பூங்காக்களில் நன்றாக இருப்பவையும் உண்டு. புதர் மண்டி, பூட்டுத் துருப்பிடித்துக் கிடந்தவற்றைப் பத்திரிகைகளே படம் பிடித்துப் போட்டன. யாரையும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கட்டுவதற்குத் தலைப்பு இருந்தது, காப்பதற்கு இல்லை.

இந்த விஷயத்தில் பழைய காலத்து ஆட்கள் கெட்டிக்காரர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'திருநந்தவனப்புறம்' என்று ஒரு சொல் வரும். கோயில் நந்தவனத்தைக் காப்பதற்காகவே தனியாக எழுதிவைத்த நிலம். பெரும்பாலும் இறையிலி, அதாவது வரி கிடையாது. அந்த நிலத்து விளைச்சல் நந்தவனத்தில் நீர் இறைப்பவர், பூப்பறிப்பவர் ஜீவனத்துக்குப் போகும். பூச்செடிக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போகவில்லை பாருங்கள். தண்ணீர் ஊற்றுகிறவன் வயிற்றுக்கும் சேர்த்து எழுதி வைத்தார்கள்! நம் பூங்கா மானியத்தில் விட்டுப்போன சமாசாரம் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

நூறு கன்று நடுகிறீர்கள் என்று வையுங்கள். நம் பக்கத்துச் செம்மண்ணில், கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 15 லிட்டராவது வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை. நூறு கன்றுக்கு 3,000 லிட்டர். மாசி கடைசியிலிருந்து ஆனி வரை 17 வாரம் என்றால் 51,000 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கரில் எட்டரை வண்டி. இது ஒரு கோடைக்கு. இப்படி மூன்று கோடை தாண்டினால்தான் வேம்போ புங்கனோ சொந்தக் காலில் நிற்கும். இந்தக் கணக்குப் போடாமல் ஆயிரம் கன்று நடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாகவே இருக்கும். நாற்பது நட்டு நாற்பதையும் பிழைக்க வையுங்களேன்!

தண்ணீரை மிச்சம் பிடிக்க நல்ல வழி, பானை. அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடி வைத்தால் வேரடியில் மெல்லக் கசியும். மேல்மண் காயாமலிருக்கச் சருகு, வைக்கோல் போட்டு மூடலாம்.

ஆளுக்கு? அறுபது வீடு இருக்கிற மனைப்பிரிவில், வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் போட்டால் 6,000 ரூபாய். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் வந்து பார்க்கிற ஒருவருக்குக் கொடுக்கலாம். கேபிளுக்குக் கொடுப்பதைவிடக் குறைவுதான். இந்த நூறு ரூபாய்க்குச் சம்மதம் வாங்கிய பிறகு மானியத்துக்கு மனுப் போடுங்கள். சம்மதம் வரவில்லையென்றால், என்னைக் கேட்டால், மனுவே வேண்டாம். இன்னொரு துருப்பிடித்த கேட்டு நம் ஊருக்கு எதற்கு?

பணம் போட்டவர்கள் "எங்க பார்க்" என்று பூட்டிக்கொள்ளக் கூடாது. தானப் பத்திரம் எழுதிய இடம் பொது இடம். கூலி வேலைக்குப் போகிற பெண்களுக்கும் சர்க்கரை வருகிறது, ரத்தக் கொதிப்பு வருகிறது. அவர்கள் வருவது விடியலுக்கு முன்போ இருட்டிய பின்போதான். கேட்டு அந்த நேரத்திலும் திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும்.

என்ன வைக்கலாம்? எதை வைக்கவே கூடாது?

முதல் செடி விராலி. மலைக்கே அதன் பெயரால்தான் பெயர் வந்தது என்பார்கள். வறட்சிக்கு அசராது. புதராக வளர்ந்து அருமையான உயிர்வேலி ஆகும். இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் ஒத்தடம் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். (எலும்பு முறிவு சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே. பச்சிலை அப்புறம்.)

வேலிக்கு அடுத்தது ஆடாதோடையும் நொச்சியும். ஆடு தொடாது என்பதால்தான் அந்தப் பெயரே! நொச்சி இலை ஆவி பிடிக்க, புகை போட ஆகும். கொசுவுக்காகச் சென்னை மாநகராட்சியே ஒரு காலத்தில் வீடு வீடாக நொச்சிக் கன்று கொடுத்தது. செடி நின்றாலே கொசு ஓடிவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டினால்தான் கொசு போகும்.

விராலிமலையில் இந்தக் கசப்புச் செடிகளுக்கு வேறொரு காரணமும் உண்டு. மயில். 1963-லிருந்து தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் இருப்பது, அதற்கும் மேலே நம் முருகனின் வாகனம். விரட்டினால் பாவம், விட்டால் கீரைப் பாத்தி காலி. இளங்குருத்தைக் கொத்தித் தீர்த்துவிடும். கீரையும் பூச்செடியும் இங்கே பொதுத் தோட்டத்துக்கு ஒத்துவராது, அதை மாடியில் வலைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் மயிலுக்கென்று ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டால், அது பாட்டுக்கு அது, நாம் பாட்டுக்கு நாம்.

நிழலுக்கு வேம்பு, புங்கன், நாவல், வில்வம். நடுவில் இரண்டு நெல்லி. நடைபாதை ஓரம் கற்றாழை. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தைப் புரட்டிப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே மரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசாமல் வேர் ஓட இடம் விடுங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமல் நடுகிற அவசர வேலையும் கூடாது. வேர் சுருண்டுகொண்டே வளர்ந்து, காற்று அடித்தால் மரம் அப்படியே சாயும்.

வைக்கக் கூடாதவை: அரளி. மஞ்சள் அரளி கண்ணுக்கு அழகு, தண்ணீரும் கேட்காது. ஆனால் அதன் கொட்டை இதயத்தை நிறுத்துகிற விஷம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் எதற்கு? ஊமத்தை தானாக முளைத்தாலும் பிடுங்கிவிடுங்கள். சீக்கிரம் பச்சையாகிறது என்று ஊரெங்கும் வைத்த கோனோகார்பஸ் மரத்தை நடுவதற்குத் தமிழக அரசே 2025-ல் தடை போட்டுவிட்டது.

மூலிகைத் தோட்டம் வைத்தால் பெயர்ப்பலகை அவசியம். ஆனால் பலகையில் "இது இந்த நோய்க்கு" என்று எழுத வேண்டாம் என்பேன். எழுதினால் மறுநாளே ஆள் ஆளாக உருவத் தொடங்குவார்கள். 'இதயத்துக்கு நல்லது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மருத மரத்தின் பட்டையை வாக்கிங் வருகிறவர்களே சுரண்டிக்கொண்டு போவது உண்டு. சுற்றுவட்டம் முழுக்கப் பட்டை உரிந்தால் மரம் செத்துப்போகும். ஆளுக்கும் ஆபத்துதான்: ஆடாதோடைக் கஷாயம் இருமலுக்கு நல்லது என்றாலும் கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையோடு கண்ட இலையையும் மென்றால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழுவார்கள். பார்த்துக் கற்றுக்கொள்ளத் தோட்டம், வாங்கிச் சாப்பிட வைத்தியர்.

மனுவோடு என்ன வேண்டும்?

அதிகம் இல்லை. மனைப்பிரிவு வரைபட நகல், தானப் பத்திர விவரம், குடியிருப்போர் கையெழுத்து, பங்குத் தொகைக்கான உறுதி. சங்கம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் நல்லது. ஊராட்சித் தலைவரோ, தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரோ, அவரிடம் ஒரு நகல், ஒன்றிய அலுவலகத்தில் ஒரு நகல், ஆட்சியரிடம் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒப்புகை வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டால் மனுவுக்குத் தனி பலம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளையும் 2022-ல் சேர்த்தார்கள். "யாரு போறா அங்க" என்று நம் வீட்டு ஆட்கள் கிராம சபைப் பக்கமே போவதில்லை. இந்த ஒரு காரியத்துக்காவது போங்கள். பெண்கள் நாலு பேர் எழுந்து கேட்டால் அந்தத் தீர்மானம் நிற்கும்.

கன்றுக்கு குடுமியான்மலை அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலும், வனத்துறை நாற்றங்காலிலும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இடுப்பு உயரத்துக்குக் குறைந்த கன்றை வாங்காதீர்கள், ஆடும் மயிலும் விடாது. ஆடி மாதம் குழி தோண்டி, எருவும் மண்ணும் கலந்து ஆறப் போட்டு, புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை வேரைப் பிடிக்க வைத்துவிடும். ஜூன் மாதச் சுற்றுச்சூழல் தினத்தில் போட்டோவுக்காக நடுவது நம் மாவட்டத்துக்கு ஏற்ற பருவம் இல்லை.